கொப்பியில் அஞ்சாம் நம்பர்

மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது முத்துமாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். கொல்லையில் நிற்கும் எலுமிச்சை காய்த்தால், முதற்காய்களை என் கையால் மாலை கட்டிச் சாத்துகிறேன் என்று. பிள்ளை எழும்பி ஓடித் திரிந்தாள். மரமும் பூத்தது. கூடவே வந்தன புழுக்கள்! காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டு கொழுந்தையெல்லாம் தின்றன. எனக்கு ஆத்திரம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். விளக்குமாறோடு போனேன்.

"ஐயோ, கை வச்சிடாத!" முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார் என் வீட்டுக்காரர். கந்தோரில் கிளார்க். கொல்லைக்கு வருகிற, சிறகில் வால் வைத்த வண்ணத்துப்பூச்சிகளைக் கலர் பென்சிலால் கொப்பியில் வரைந்து நம்பர் போடுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பூசை. "இது அஞ்சாம் நம்பர் பூச்சி போட்ட முட்டையில வந்தது. சிவப்பு வயித்துக்காரி. என் கண்ணால பாத்தேன்."

"உங்க அஞ்சாம் நம்பரா வந்து அம்மனுக்கு மாலை போடும்?"

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஒரே மாதிரி இருந்த இரண்டு புழுவைத் தனித்தனிப் போத்தலில் வளர்ப்பது. சிவப்பு வயிறு வந்தால் மரம் பூச்சிக்கு. வராவிட்டால் தினமும் காலையில் அவரே புழு பொறுக்க வேண்டும். புழு என்றாலே அவருக்கு உடம்பு கூசும். இதுவோ தொட்டதும் சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடுகிற சாதி. பொறுத்திருந்த மூன்று வாரத்தில் பாதி மரம் மொட்டையானது.

முதற்போத்தலில் சிவப்புப் புள்ளிச் சிறகு விரிந்தது. "பாத்தியா!" என்று குதித்தார்.

"சிறகு சிவப்புதாங்க. வயிறு கறுப்பால்ல இருக்கு?"

வேலியில் ஆடுதின்னாப்பாளைக் கொடியைச் சுற்றிய நிஜமான அஞ்சாம் நம்பரை ஓடிப்போய்ப் பார்த்தார். அதற்குத் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு. திரும்பி வந்து கொப்பியைப் புரட்டினார் மனுஷன். மறுநாள் இரண்டாம் போத்தலிலிருந்து வந்ததோ, கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசை வைத்த அவருடைய மூன்றாம் நம்பர். வெளியே விட்டதும் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு செவ்வரத்தைப் பூப் பக்கம் போயின.

"ஏங்க, இதுங்க புருஷன் பொஞ்சாதிங்க! பொஞ்சாதி பக்கத்து வீட்டு அஞ்சாம் நம்பர் சீலையக் கட்டிக்கிட்டு வந்து உங்கள ஏமாத்திட்டா!" எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் மூக்கில் லேஞ்சித் துணியைக் கட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் நின்ற கறிவேப்பிலையில் விட்டார். அந்த இலையும் அவற்றுக்குத் தீனிதானாம். இலை துளிர்த்து, பிஞ்சு தங்கியது. மாசியில் பதினேழு காய். மெல்லிய மாலைதான், ஆனால் என் மரத்து மாலை.

கோயில் வாசலில், மாலையில் காயோடு விட்டிருந்த ஓர் இலையில் குட்டிப் புழு ஒன்று. எனக்குப் பதறிப்போயிற்று. இடுக்கி ஏது அங்கே? அவர் வெறும் விரலால் எடுத்து இடது கைக்குள் பொத்திக்கொண்டார்.

மாலை அம்மன் கழுத்தில் ஏறியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் கைகூப்பினார்கள். அவர் மட்டும் ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையைப் பொத்தியபடி நின்றார். வீட்டுக் கறிவேப்பிலைக்கு வந்து சேரும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.