“வந்துட்டேன், வை”

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இது எங்கள் ஓசார்க் மலையில் நிஜமாகவே நடந்தது. டெல்ஃபா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மார்ச் மாதம். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்க வேண்டும் என்று ஓக் காட்டுச் சருகை எல்லோரும் கொளுத்தும் காலம். டெல்ஃபாவும் புருஷன் ஹார்லனும் மேட்டிலும் இரண்டு பக்கத்திலும் தீ வைத்தாயிற்று. மிச்சம் கீழ்ச்சரிவு. அங்கே வைத்தால் தீ ஒரே பாய்ச்சலில் மேலேறும். உள்ளே ஆள் இருந்தால் தப்ப முடியாது. எரிந்து கருத்த மேட்டில் போய் நின்று அவன் குரல் கொடுத்த பிறகுதான் இவள் வைக்க வேண்டும். வழக்கம் அப்படி.

நடுக்காட்டில் நிற்கும் பெரிய ஓக்கைத் தீ தொடாதிருக்க அதன் அடிச்சருகை ஒதுக்க, வாரியோடு உள்ளே போனான் ஹார்லன்.

“அவசரப்பட்டு என்னை வறுத்துடாதடி!”

“உன்னை வறுத்தா நாய்கூடத் தின்னாது. போ!”

மணி நாலேகால். ஓடைக்கரையில் தீப்பந்தத்தோடு நின்றாள் டெல்ஃபா. புகை இறங்கிக்கொண்டிருந்தது.

“ஹார்லன்! வந்துட்டியா?”

“வந்துட்டேன். வை.”

மேட்டிலிருந்து. அவன் குரலேதான். பந்தத்தைத் தாழ்த்தினாள்...

நிறுத்தினாள்.

ஒரு கிண்டல் இல்லையே? இத்தனை புகையில் ஓர் இருமல்கூட இல்லையே?

அவன் குரல் கேட்டாலே துள்ளும் அவர்கள் நாய், அவள் காலடியில் காதைக்கூட அசைக்கவில்லை.

“மத்தியானம் நீ என்ன தின்ன? சொல்லு!”

“வந்துட்டேன். வை.”

குரல் இப்போது பாதிச் சரிவில்.

இந்த முறை அவள் கூப்பிடவே இல்லை...

“வை.”

காதருகே.

பந்தத்தை ஓடையில் எறிந்தாள். உஸ்ஸ்...

புகைக்குள் இருமல். வாரியைத் தோளில் போட்டபடி ஹார்லன் இறங்கி வந்தான்.

“என்னடி, தூங்கிட்டியா? நான் பாதிகூட வாரல. நீ ஒரு தரம்கூடக் கூப்பிடலையேன்னு வந்தேன்.”

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடையில் புயலுக்கு அந்த ஓக் சாய்ந்தது. அறுக்க உதவிக்கு வந்தார் பக்கத்து நிலத்து ஓர்வில். அறுத்த முகத்தில், ஆண்டு வளையங்களுக்கு நடுவே, பழைய தீ விட்டுப்போன மெல்லிய வடுக்கள். ஒன்று மட்டும் உள்ளங்கை அகலம். கரிக்கறுப்பு.

ஓர்வில் அதைத் தடவினார். “இது எங்க பெரியம்மா கீழே தீ வெச்ச வருசம். பெரியப்பா இதே மரத்தடியில வாரிக்கிட்டிருந்தார்; வெளியே வரவே இல்ல. பாவம், பெரியம்மா சாகிற வரைக்கும் ஒண்ணையேதான் சொன்னாங்க. ‘வந்துட்டேன், வைன்னு அவர்தான் சொன்னார்’னு. யார் நம்புவா?”

டெல்ஃபா ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேருங்கள், கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். நீங்கள் கூப்பிடும்போது பதில் சொல்வது, என்றைக்கும் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கட்டும்.