பானைக்குள் இங்கிலீசு பேசியவன்

ஜப்பானியர்கள் சிங்கப்பூரை ஆண்ட காலம். ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றி, கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கயிறும் கோணிச் சாக்கும் விற்கும் கடையின் மாடியில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. அதில் நான் ஆசிரியை. ஆசிரியை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சண்டை வந்ததில் என் படிப்பு பாதியில் நின்றுபோனது. அங்கிருந்த ஆசிரியர்களில் இரண்டு பேர் முன்பே கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியருக்கு ஆள் தேவைப்பட்டது, எனக்கு வேலை தேவைப்பட்டது. அவ்வளவுதான் என் தகுதி.

ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் ஜப்பானியப் பாட்டு, உடற்பயிற்சி, பிறகு நிப்பொங்கோ என்கிற ஜப்பானிய மொழிப் பாடம். மிச்சமிருக்கும் நேரம் தமிழுக்கு. புத்தகம் இல்லை. தாளும் இல்லை. ஓரம் உடைந்த சிலேட்டுகள் மட்டும் இருந்தன, அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று.

இதில் கட்டுரை எழுதச் சொல்ல முடியுமா? அதனால் சிலேட்டுக்குள் அடங்குகிற மாதிரி சின்னச் சின்ன எழுத்து விளையாட்டுகளை நானே யோசித்து வைப்பேன். ஒரே வரியில் ஒரு கதை. ஐந்து சொற்களைக் கொடுத்தால் அவை எல்லாம் வருகிற மாதிரி ஒரு சண்டை. ஒருநாள், இப்போது கிடைக்காத ஒரு பொருளுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். ஒரு பையன், எந்நேரமும் பசியோடு இருப்பவன், இட்லிக்கு எழுதினான். 'அன்புள்ள இட்லி அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். தாங்கள் போன பிறகு தங்கள் இடத்தில் மரவள்ளிக்கிழங்கு குடியேறிவிட்டது. காலையிலும் அவர், மதியமும் அவர். சீக்கிரம் வந்து காலி செய்யச் சொல்லவும்.' இதை வாசித்தபோது வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. பசியோடு இருக்கிற பிள்ளைகள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெரிய ஆசிரியை ஆகிவிட்டேன் என்ற எண்ணம் வந்துவிட்டது. வினையே அங்கேதான் தொடங்கியது.

அடுத்த வாரம் விடுகதை எழுதச் சொன்னேன். "பழைய விடுகதை வேண்டாம். உங்க வீட்டுல இருக்கிற ஒரு பொருளைப் பத்தி நீங்களே கட்டணும். மத்தவங்க வீட்டுல இல்லாத பொருளா இருந்தா இன்னும் நல்லது. எங்கிட்டயும் முன்கூட்டியே காட்டாதீங்க. நானும் உங்களோட சேர்ந்து கண்டுபிடிக்கிறேன்" என்றேன்.

பிள்ளைகள் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பள்ளிகளைப் பார்வையிடும் ஜப்பானிய அதிகாரி கீழே வந்துவிட்டாராம். "ரெண்டு பாட்டுப் பாடச் சொல்லும்மா. வணக்கம் வைக்கச் சொல்லு. அதோட முடிச்சுக்க" என்றார்.

அதிகாரி வந்தார். இடுப்பில் வாள், காலில் முழங்கால் வரை பூட்ஸ். கூடவே மொழிபெயர்ப்பாளராக ஒரு தமிழர். வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை, முப்பத்தைந்து வயது இருக்கும். சண்டைக்கு முன்பு மிடில் ரோட்டில் ஒரு ஜப்பானியரின் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர் என்றும், அங்கே பழகிய மொழி இப்போது சோறு போடுகிறது என்றும் ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அதை மரியாதையோடு சொல்வதில்லை.

பிள்ளைகள் இரண்டு பாட்டும் பாடினார்கள். அதிகாரி தலையசைத்தார். திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் அவர் கண் சிலேட்டுகள் மேல் விழுந்தது. ஏதோ கேட்டார். "என்ன எழுதியிருக்காங்கன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

'எழுத்துப் பயிற்சி' என்று ஒரு சொல்லில் நான் முடித்திருக்கலாம். என் பெருமை விடவில்லை. "விடுகதை சார். பிள்ளைங்களே சொந்தமா கட்டினது. வேணும்னா வாசிக்கச் சொல்றேன்" என்றேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் நம் இட்லிப் பையன் எழுந்தான். 'கூப்பிடாமலே வந்தான், மூன்று வேளையும் முன்னால் நிற்கிறான், போ என்றாலும் போகமாட்டான். அவன் யார்?' மரவள்ளிக்கிழங்கு என்று பிள்ளைகள் கத்தினார்கள். மொழிபெயர்ப்பைக் கேட்டு அதிகாரி சத்தமாகச் சிரித்தார். அந்த விடுகதைக்கு எதிரிலேயே வாளோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பதிலும் உண்டு என்பது அந்த நேரத்தில் என் மரமண்டையில் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். நானோ உற்சாகத்தில், வகுப்பிலேயே அழகாக எழுதுகிற பெண்ணைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வயது, இரட்டைச் சடை, கணீரென்ற குரல். அவள் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள்.

'பகலெல்லாம் பானையிலே உறங்குவான்,
பொழுது சாய்ந்தால் இங்கிலீசு பேசுவான்,
அப்பா குனிந்து கேட்பார்,
அம்மா வாசலில் காவல் நிற்பார்.
அவன் யார்?'

இரண்டாவது வரியிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வெளிநாட்டு வானொலி கேட்கக் கூடாது என்பது அப்போது சட்டம். கேட்டதாகச் சந்தேகம் வந்து கூட்டிக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. இந்தப் பெண் தன் வீட்டில் வானொலிப் பெட்டி எந்தப் பானையில் இருக்கிறது, யார் கேட்கிறார்கள், யார் காவல் நிற்கிறார்கள் என்று சந்தம் கெடாமல் எழுதிவிட்டிருந்தாள். எழுதும்போது அவளுக்கு விடுகதைதான் தெரிந்திருக்கிறது. வாசிக்கும்போதுதான் எதிரில் இருந்த வாள் தெரிந்தது போலும். கடைசி வரியில் அந்தக் கணீர்க் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு வரி வரியாக மொழிபெயர்த்தார். அவர் மாற்றிச் சொல்வார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. ஆனால் பள்ளியில் நாங்கள் படித்த கொஞ்ச நஞ்ச நிப்பொங்கோவிலேயே 'ஆங்கிலம்', 'அப்பா', 'அம்மா' என்ற சொற்கள் என் காதில் விழுந்தன. அதிகாரிக்கும் ஓரிரண்டு தமிழ்ச் சொல் தெரியுமோ என்னவோ, மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொல்லத் துணியவில்லை. அதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வகுப்பைப் பார்த்தார்.

"பதில் என்னன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

  நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் கேட்டது.

"தவளை சார்!"

இட்லிப் பையன்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டார். "தவளை எப்படிப்பா இங்கிலீசு பேசும்?" என்று எங்கள் பக்கம் திருப்பினார் மொழிபெயர்ப்பாளர்.

"அது வெள்ளைக்காரன் காலத்துத் தவளை சார். இன்னும் நிப்பொங்கோ வகுப்புக்குப் போகலைலா!"

மொழிபெயர்த்ததும் அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் மனிதர் விடுகிற ஆள் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வரியாகப் பிடித்தார். அப்பா ஏன் குனிந்து கேட்கிறார்?

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "குடிக்கிற தண்ணிப் பானை சார். நாலு பானை இருந்தா எதுக்குள்ள தவளை இருக்குன்னு எப்படித் தெரியும்? காதை வச்சுக் கேட்டாத்தானே தெரியும்?"

அவள் சொன்னது இரண்டு வரி. மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு நிமிடம் சொன்னார். கையை ஆட்டினார், குனிந்து காட்டினார், பானை மூடியைத் திறப்பது போல நடித்தார். அவர் என்னென்ன சேர்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசிக் கேள்வி வந்தது. அம்மா ஏன் வாசலில் காவல் நிற்கிறார்?

 இட்லிப் பையன்கூடத் தரையைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாள் கற்பனை, கற்பனை என்று கத்திக்கொண்டிருந்தவள் நான்.

விடுகதையை எழுதிய பெண்ணே பேசினாள். "தவளை கத்தினா பாம்பு வரும் சார். அம்மாவுக்குப் பாம்புன்னா ரொம்பப் பயம். அதான் வாசல்ல நிக்கிறாங்க." சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்.   அதிகாரி திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு, "கெரோ! கெரோ!" என்றார்.

என்ன இது என்று விழித்தோம். "ஜப்பான்ல தவளை அப்படித்தான் கத்துமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். அவ்வளவுதான். "நம்ம தவளை 'கொர்ர்... கொர்ர்' சார்!" என்று ஒருவன் தொடங்க, இருபத்திரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். பயமெல்லாம் சத்தமாக வெளியே வந்தது. கீழ்க்கடை முதலாளி, கடலோரச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர், படியேறி வந்து, "என்ன டீச்சர், மாடியில கொளம் வெட்டிட்டீங்களா?" என்றார். அதிகாரியைப் பார்த்ததும் அப்படியே இடுப்பு வரை வணங்கி, பின்பக்கமாகவே படியிறங்கிப் போனார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கிளம்பினார். மொழிபெயர்ப்பாளரும் போய்விட்டார். ஆனால் பாதிப் படி இறங்கியவர், கைக்குட்டையை விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்ப மேலே வந்தார். என் மேசையருகே குனிந்து, மெல்லிய குரலில், "டீச்சர், அந்தத் தவளையை இன்னிக்கே ஆத்துல விட்டுடச் சொல்லுங்க. அடுத்த தடவை வேற ஆளு வரலாம்லா" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

தலைமையாசிரியர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு கூஜா தண்ணீரையும் குடித்து முடித்தார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன். "உங்க எல்லாருக்கும் பதில் தெரியுமா?" என்று கேட்டேன்.  இட்லிப் பையன் மட்டும் கையைத் தூக்கினான். "எங்க வீட்டுலயும் ஒரு தவளை இருந்துச்சு டீச்சர். போன மாசம்தான் கெணத்துல..."

"வாயை மூடு!" என்றேன். அன்றைக்கு நான் நடத்திய உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தை பக்கம் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு முன்பு துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர் அவள் அப்பா. நடந்ததைச் சொன்னேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. மகளை அடிப்பாரோ என்று நான் குறுக்கே நின்றேன். "அவ மேல தப்பில்ல. வீட்டுல இருக்கிறதை எழுதச் சொன்னது நான். முதல்ல வாங்கிப் படிக்காம வாசிக்கச் சொன்னதும் நான். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் அம்மாதான் பேசினார். "நான் வாசல்ல நின்னது ஏன்னு இவளுக்குத் தெரியாதுன்னே நெனச்சேன் டீச்சர். காத்து வாங்குறேன்னு சொல்லி வச்சிருந்தேன்." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாம்புக்குப் பயம்னு சொன்னாளா? அதுவும் உண்மைதான்." நாங்கள் நாலு பேரும் அடுப்படியில் நின்று சிரித்தோம். அவள் அப்பா பானை மூடியை எடுத்தார். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது நல்லது என்று வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்கு வந்ததும், "தவளை போயிடுச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

ஜப்பானியர்கள் போன பிறகு, அந்த மொழிபெயர்ப்பாளரைப் பலர் ஏசினார்கள். அவர்களோடு ஒட்டிப் பிழைத்தவர் என்றார்கள். அவர் மற்ற இடங்களில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. என் காதுபட யாராவது பேசினால், அவர்களை உட்கார வைத்து இந்தக் கதையை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன். நேரில் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தேடினேன். குடும்பத்தோடு மலாயாப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த நன்றி இன்னும் என்னிடமே இருக்கிறது.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பல பள்ளிகளில் வேலை பார்த்தேன். எழுத்து விளையாட்டுகளை விடவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எழுதியதையும் நான் தனியாகப் படிக்காமல் சபையில் வாசிக்கச் சொன்னதில்லை. எழுது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, தன் வீட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே வரச் சொல்கிறது அந்தப் பிள்ளை. அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதைப் பத்தொன்பது வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், அந்த மாடியில் இருந்த இருபத்திரண்டு பேர்.