ஓசூர் சரக்கு

என் அக்கா வீட்டுக்காரர் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரி தொங்கும். செடியின் கிளை வெட்டுகிற, சிவப்புப் பிடி போட்ட கத்தரி. போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருப்பதைப் போல அதற்கென்று ஒரு தோலுறை தைத்து, பெல்ட்டில் மாட்டியிருப்பார். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். பந்தியில் உட்காரும்போது அது இடிக்கும். கழற்றிப் பக்கத்தில் வைக்காமல் ஒருக்களித்து உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கேட்டால், "நம்ம ஃபீல்டு அப்படிங்க, எந்நேரமும் கையில இருக்கணும்" என்பார். நான் அவரைப் பற்றி நினைக்கும்போது முகத்துக்கு முன்பே அந்தத் தோலுறைதான் நினைவுக்கு வருகிறது. அந்த மனிதரிடம் உழைத்துச் செய்யப்பட்ட ஒரே பொருள் அதுதான், அதையும் வேறு யாரோதான் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

கல்லூரி முடித்துவிட்டு, பெரம்பலூரில் அக்கா வீட்டில் தங்கி அவருடைய கடையில் வேலை பார்த்தேன். முறைப்படி அவரை 'மாமா' என்று கூப்பிடுவேன். துறையூர் ரோட்டில் கடை. அதற்கு முன்னால் அவர் முயல் வளர்த்தார், பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றார். இரண்டும் படுத்த பிறகு, ஒருநாள் திடீரென்று 'கார்டன் டிசைனர்' ஆகிவிட்டார். ஊரில் மாடி வீடுகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரு பால்கனி, நான்கு பேர் நின்றால் நிரம்பிவிடும். அதில் தொட்டிகளை வைத்துச் செடி நட்டு, பண்டிகைக்குப் பண்டிகை அலங்காரம் செய்து கொடுப்பதுதான் தொழில். பொங்கலுக்குப் பானை மாதிரி தொட்டியில் கரும்புத் தோகையும் மஞ்சள் கொத்தும். ஆடிக்கு வேப்பிலையும் மஞ்சள் துணியும். கார்த்திகைக்குப் படிப்படியாகத் தொட்டி அடுக்கி இடையிடையே அகல். கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டி, அதைப் பனி என்று சொல்லி விற்றார். பெரம்பலூர் வெயிலில் அந்தப் பனி மதியத்துக்குள் புழுதி ஏறிப் பழுப்பாகிவிடும். அவருக்கு அதில் கூச்சமே கிடையாது.

என் வேலை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது, போன் எடுப்பது, ஆர்டர் வாங்குவது. செடிகள் எங்கிருந்து வருகின்றன என்று யார் கேட்டாலும் "ஓசூர் சரக்கு" என்று சொல்லச் சொல்லியிருந்தார். ஓசூர் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குக் குளிர்ச்சியும் ரோஜாவும் நினைவுக்கு வரும்; விலை கேட்கமாட்டார்கள். சரக்கு விடிவதற்குள் வந்து இறங்கிவிடும். நான் கடைக்குப் போகும்போது தொட்டிகள் எல்லாம் தயாராக, பூவும் இலையுமாக, தண்ணீர் தெளித்து நிற்கும். "செடிய யாரு பாக்குறா? பூவத்தான் பாக்குறாங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இன்னொன்றும் சொல்வார்: "வைக்கிறது நம்ம வேலை. வாழுறது அதோட வேலை." இதைச் சொல்லிவிட்டு, பெரிய தத்துவத்தைச் சொன்னதுபோல ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தில் நாங்கள் வியக்க வேண்டும்.

அரியலூரிலிருந்து அந்த நர்ஸம்மாவின் ஆர்டர் வந்தது ஒரு புரட்டாசியில், நவராத்திரிக்கு முன்னால். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கலாம் என்ற நிலையில் இருந்தார். வீடு மாடியில். படி இறங்க முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில் பேசினார். "அம்மா வெளிய போக முடியாம ரொம்ப ஒடஞ்சு போயிருக்காங்க. பால்கனில ஒரு தோட்டம் மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். மாமா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு மகன் தாயைப் பற்றிக் கலங்கிப் பேசும்போது கண்ணடிக்கத் தோன்றிய முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன்.

குட்டி யானை வண்டியில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் வைத்தோம். காகிதப்பூ, இட்லிப்பூ, மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி. கம்பியில் தொங்கும் சின்னத் தொட்டிகள், நடுவில் கொலுப்படி மாதிரி ஒரு அடுக்கு. நர்ஸம்மா வாக்கரோடு வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போடச் சொன்னார். கீழ்வீட்டுப் பெண் நிறைமாதமாக இருந்தாள். அவள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, "இனிமே ஒங்களுக்கு என்னம்மா கொறை" என்றாள். அந்தத் தெருவழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிமெண்ட் ஆலைக்குப் போகும். சாயந்திரத்துக்குள் எல்லா இலையிலும் வெள்ளைத் தூசி படிந்துவிடும். நர்ஸம்மா பஞ்சை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாராம். புண்ணைத் துடைக்கிற மாதிரி, வலிக்காமல். இதைக் கீழ்வீட்டுப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

நவராத்திரி முடிந்த சில நாட்களில் போன் வந்தது. "பாப்பா, ஒண்ணொண்ணா வாடிப் போவுதும்மா. நான் பாத்துப் பாத்துதான் தண்ணி ஊத்துறேன்" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் போனை வாங்கினார்.

"தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டீங்கம்மா. அழுவிப் போயிருக்கும்."

"கொறைச்சுத்தான் ஊத்துனேன் தம்பி."

"அப்ப கைராசிம்மா. செடிக்கெல்லாம் கைராசி வேணும். செல பேரு கை அப்புடி, வச்சா வராது. விடுங்க, கார்த்திகைக்கு வேற செட்டு போட்டுருவோம்."

போனை வைத்துவிட்டு, அடுத்த ஆர்டரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார். அரியலூரில் அந்த அம்மாவுக்குப் பெயரே 'கைராசி நர்ஸு' என்பதுதான். சிக்கலான பிரசவம் என்றால், டியூட்டி இல்லாத நாளிலும் வீட்டுக்கு வண்டி அனுப்பிக் கூட்டிப் போவார்களாம். 'அந்தம்மா கை பட்டாப் போதும்' என்று சுற்றுவட்டாரமே சொன்ன கை அது. தொட்டிகளை விற்ற ஒருவர், போனில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, அந்தக் கைக்கு ராசியில்லை என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகைக்கு முன்னால் நான் மட்டும் டிரைவரோடு அரியலூர் போனேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். நர்ஸம்மா உள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பால்கனிப் பக்கம் வரவில்லை. "நீயே வச்சுரு பாப்பா. நான் கிட்ட வரல" என்றார். கீழ்வீட்டுப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தது. முதலில் நர்ஸம்மா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று மேலே தூக்கிப் போயிருக்கிறாள். அவர் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "எங்கையில வேணாம்மா. நல்லாருக்கட்டும், எடுத்துட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். "அப்பறம் ரொம்ப நேரம் அழுதுட்டு இருந்தாங்க" என்று சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது.

நான் பால்கனிக்குப் போய்க் காய்ந்த காகிதப்பூவைப் பிடித்து இழுத்தேன். பலம் கொடுத்து இழுக்கத் தயாராக இருந்தவள், பின்னால் சாய்ந்தேன். அது ஊதுபத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. கத்தரியால் சாய்வாக வெட்டிய கொம்பு, அவ்வளவுதான். அடுத்ததை இழுத்தேன். அதுவும் அப்படியே. செவ்வந்தி, பூ மார்க்கெட்டில் கட்டாக விற்கிற தண்டு. இட்லிப்பூ, ஏதோ ஒரு காம்பவுண்டு ஓரத்து வேலி. எல்லாம் ஈர மண்ணில் செருகி வைத்த கிளைகள். வண்டியில் வந்திருந்த புது செட்டையும் இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தேன். ஓசூர் என்பது எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்துத் தெரு வேலியில் இருக்கிறது.

கொம்புகளைக் கொண்டுபோய் நர்ஸம்மா மடியில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவிப் பார்த்தார். பிரசவ வார்டில் எத்தனையோ பார்த்த கண் அது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார். "அப்ப நான் சாவடிக்கலையா பாப்பா?"

"இல்லம்மா. வரும்போதே செத்துப்போய்த்தான் வந்துச்சு."

அவர் எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே போய் போனை எடுத்தார். மாமாவை வரச் சொன்னார். மொட்டை மாடிக்கும் வேலை இருக்கிறது, நேரில் பேச வேண்டும் என்றார். மாமா சலவைச் சட்டையும் நெற்றிக்கு மேல் ஏற்றிய கூலிங்கிளாஸுமாக அன்று மத்தியானமே வந்து நின்றார். பெரிய வேலை என்ற நினைப்பில் ஸ்வீட் பாக்ஸ் வேறு.

"வா தம்பி. அந்தப் பூவு நல்லாருக்கு. புடுங்கிக் காட்டு" என்றார் நர்ஸம்மா.

"எதுக்குங்கம்மா?"

"புடுங்கு."

வண்டியிலிருந்து மேலே கொண்டுவந்திருந்த புதுத் தொட்டியிலிருந்து மாமா ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொஞ்சமாவது முகம் கறுக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். கறுக்கவில்லை. சிரித்தார். "அம்மா, இது சீசன் டெகரேஷன் தானே. செடின்னு நான் பில்லுல போடலையே" என்றார்.

நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரில எங்க கையவிட்டுப் போன உசுரும் உண்டு தம்பி. அன்னிக்கெல்லாம் வெளிய வந்து பெத்தவ மேல பழி போட்டதில்ல. அந்தப் பழிய நாங்கதான் சொமந்தோம். நீ செத்தத வித்துப்புட்டு, எங்கைய கொற சொன்னியே. எந்திரிச்சுப் போ. அந்த ஸ்வீட்டையும் எடுத்துட்டுப் போ."

அவர் எடுத்துக்கொண்டுதான் போனார். வண்டியில் ஏறியதும் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கெழவிக்குப் பொழுது போகல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் சொன்னியா? நீ யாரு பக்கம்?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அந்த மனிதரோடு ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பது ஈரமில்லாத மண்ணில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைத்தான் திட்டினாள். "சம்பாரிக்கிற மனுசன நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்திட்ட. எம் பொழப்புல மண்ணப் போட்டுட்ட" என்றாள். நான் பெட்டியைக் கட்டினேன். பிறகு அரியலூரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்து, நர்ஸம்மா தெருவுக்குப் பின்தெருவில் குடிவந்தேன். அதே தொட்டிகளின் அடியில் கீழ்வீட்டுக்காரர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். மாமா அதைக்கூடச் செய்திருக்கவில்லை. வெந்தயம் தூவினோம், கனகாம்பரமும் துளசியும் கன்றாக வாங்கி நட்டோம். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. போட்டோ எடுத்தால் ஒருவரும் லைக் போடமாட்டார்கள். வெந்தயம் முளைத்த அன்று நர்ஸம்மா கீழே குரல் கொடுத்து, "புள்ளைய எடுத்துட்டு வாடி" என்றார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

மாமாவின் தொழில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கெடவில்லை. இப்போது அவருக்கு இரண்டு கடை. ஆண்டிமடம் வரை ஆர்டர் போகிறது. இப்போது பூ முழுக்கப் பிளாஸ்டிக். வாடாது, அதனால் யாரும் போன் செய்வதுமில்லை. முன்பு பொய்க்குக் கொஞ்சம் உயிராவது இருந்தது, நாலு நாள் தாங்கியது. விசேஷங்களில் பார்த்தால், "என்ன, இன்னும் அந்த ஸ்கூல்லதான் இருக்கியா?" என்று கேட்கிறார். இருக்கிறேன் என்கிறேன். அதற்கு மேல் அவரிடம் பேச என்னிடம் எதுவும் இல்லை. திட்டுவதற்குக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

போன மாதம் அக்கா மகளுக்குச் சடங்கு. வீட்டு முகப்பு முழுக்கத் தொட்டிகள், சீரியல் லைட்டு, காற்றில் அசையாத இலைகள். மாமா மைக்கில் வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் பின்கட்டில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவள் கேட்டாள்: "இவ்வளவு வருசமாச்சு. அவரு மேல இருக்குற கோவம் ஒனக்கு இன்னுமா போவல?"

"கோவம் எப்பவோ போயிருச்சுக்கா. மரியாததான் திரும்பி வரல."

அக்கா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பையில் வெற்றிலையை வைத்தாள், பாக்கை வைத்தாள், தேங்காயை வைத்து மூடினாள். மைக் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குந்தான்டி" என்றாள்.