முன்கையில் கிட்டார்

பிற்பகல் மூன்று இருபதுக்கு மகளின் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். படியில் விழுந்துவிட்டாளாம், தலையில் அடி, மயக்கம். நான் மருத்துவமனைக்கு வந்தபோது அவளை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

காத்திருப்பறையில் பக்கத்து நாற்காலிக்காரர் நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டியிருந்தார். இயர்ஃபோனில் ஒரு பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டபடி, கிட்டார் கம்பிகளை அழுத்துவதுபோல் இடக்கை விரல்களால் வலது முன்கையை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“நாளைக்குத் தேக்காவுல ஒரு கல்யாணத்துல வாசிக்கணும்க்கா. இந்தப் பாட்டுல ஒரு கிட்டார் கார்ட் மட்டும் சிக்க மாட்டேங்குது லா,” என்று ஓர் இயர்ஃபோனை நீட்டினார். “மேஜர்னா சந்தோஷமா இருக்கும், மைனர்னா சோகமா இருக்கும். இது எது, சொல்லுங்க?”

கேட்டேன். “சோகம்தான்.”

“பயத்துல எல்லாமே மைனராத்தான் கேக்கும்க்கா. நானும் காலையிலேர்ந்து அப்படித்தான் தப்புத் தப்பாப் புடிக்கிறேன். இன்னொரு வாட்டி கேப்போமா?”

சொல்லும்போதே அவர் கண் ஸ்கேன் அறைக் கதவுக்குப் போய் வந்தது. உள்ளே அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இன்றுவரை அது உறுத்துகிறது. அதற்குள் கதவு திறந்து, தாதி நேராக என்னிடம் வந்தார்.

“ஸ்கேன்ல பயப்பட ஒண்ணுமில்லம்மா. முழிச்சிட்டா. உங்களைத்தான் கேக்குறா, வாங்க.”