கூரைக்கு ஒரு கூடு

தேயிலைத் தோட்டத்தில் என்னைக் கண்டாலே சிரிக்க ஆயத்தமாகிவிடுவார்கள். அன்று காலை லெப்டொப்பைக் கவிழ்த்தபோது அதிலிருந்து மழைத்தண்ணீர் வடிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். போன வருடம் தோட்டத்து மேனேஜர் துரை எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் வந்து நின்று, "அடுத்த மழைக்கு முன்ன கூரைத் தகரம் எல்லாம் மாத்தித் தாறேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அதை நான் போனில் வீடியோ பிடித்தேன். போனில் இடமில்லை என்று லெப்டொப்புக்கு மாற்றிவிட்டு, புத்திசாலி மாதிரி போனிலிருந்து அழித்தேன். மழை வந்தது, தகரம் வரவில்லை. கேட்கப்போனால், "நான் எப்ப சொன்னேன்?" என்றார். "வெள்ளிக்கிழமை கொண்டாந்து காட்டுறோம் தொரை" என்று சவால் விட்டு வந்தவள் என் மனைவி. அந்த வெள்ளிக்கிழமைக்குள், தருகிறேன் என்ற வாக்கு இருந்த லெப்டொப்புக்குள்ளேயே தராத கூரை ஒழுகிவிட்டது. மழை யார் கட்சி என்று அன்று தெரிந்தது.

"செத்துப் போச்சா?" என்றாள்.

"உடம்பு போச்சு. உசிரு உள்ள இருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப கூடு விட்டு கூடு பாய வைங்க. பேயறைஞ்சாப்ல நிக்காதீங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் செய்யவேண்டியது அதேதான். லெப்டொப்பைத் திறந்து ஹாட் டிஸ்க்கைக் கழற்றினேன். உள்ளங்கை அளவு, ஈரம் படவில்லை. அதை வயரோடு வருகிற டிஸ்க் கூடு ஒன்றுக்குள் பூட்டி வேறு கம்பியூட்டரில் செருகினால், உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓப்பநாயக்க டவுனுக்கு பஸ் ஏறினேன்.

கம்பியூட்டர் கடையில் நல்ல கூட்டம். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதற்றம் வந்தால் நெடில் குறிலாகிவிடும் போலிருக்கிறது. சிங்களத்தில் 'கூடுவ' என்றால் கூடு. 'குடு' என்றால் தூள், அதுவும் பொலிஸ் தேடுகிற தூள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "நங்கி, குடு தியெனவத?" என்றேன், அதாவது 'தங்கச்சி, தூள் இருக்கா?' கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் நின்ற ஹெல்மெட்காரர் மெல்ல விலகினார். விளக்குகிறேன் பேர்வழி என்று சட்டைப்பையிலிருந்து பொலித்தீன் பொட்டலத்தை வேறு எடுத்துக் காட்டினேன்.

கடைக்காரப் பெண் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். "ஐயோ அங்கிள், கூடுவ!" என்று சிரித்து, இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று பிளாஸ்டிக், தட்டையான அகல வாய், கொடிக்கயிறு நீளத்துக்கு வயர். மற்றது அலுமினியம், புது போன்களில் இருக்கிற சின்ன டைப் சி வாய், ஒரு சாண் வயர். எனக்கு நீள வயர்தான் கெத்தாகப் பட்டது. டிஸ்க்கை அதில் போட்டுக் கடைக் கம்பியூட்டரில் செருகினோம். டிக்... டிக்... என்றது. டிஸ்க்கா, என் நெஞ்சா என்று தெரியவில்லை.

"நீளத்துல கரண்ட் கொறஞ்சிரும் அங்கிள். இது சுத்துற டிஸ்க், பத்தாது" என்றாள்.

அலுமினியத்துக்கு மாற்றினோம். லைட் எரிந்தது, டிஸ்க் தேனீ மாதிரி முனகியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வயரைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

"உடைச்சிராதீங்க!"

"உடையுறதுன்னா இங்கயே உடையட்டும். தொரை முன்னால உடையக் கூடாது."

லைட் அணையவில்லை. பிளாஸ்டிக்கையும் அதேபோல் ஆட்டினேன், உடனே அணைந்தது. தேர்வு முடிந்தது. அலுமினியத்தைத் திரும்பப் பூட்டி வீடியோவைத் தேடினோம். பெயர் திரையில் வந்த நொடியில் ஊருக்கே கரண்ட் போனது. பிரதி எடுக்க வழியில்லை. கூட்டுக்குக் காசு கொடுத்து, டிஸ்க்கோடு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவியோடு தோட்ட ஆபிசுக்குப் போய், கணக்கெழுதுகிற கிளாக்கரையாவின் கம்பியூட்டர் முன்பக்கத்தில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். முருகனைக் கூப்பிட்டேனா, கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேனா, நினைவில்லை.

"பின்னால குத்துங்க. முன் ஓட்டை ஆடுது, கண்ணு தெரியலையா?" என்றாள் மனைவி.

பின்னால் செருகினேன். முனகல் கேட்டது. துரை தன் குரலைத் தானே கேட்டார்: "அடுத்த மழைக்கு முன்ன..." ஜன்னலுக்கு வெளியே நின்ற லயத்து சனம் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஹரி, ஹரி. நான் பாக்கிறேன். அந்த டிஸ்க்க இங்க வச்சிட்டுப் போங்க" என்றார் துரை. சிங்கள 'ஹரி' என்றால் சரி.

"கூரை வரட்டும் தொரை. கூடு பின்னால வரும்" என்றாள் அவள். வயரோடு சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லயத்தில் பாதிக்குத் தகரம் வந்துவிட்டது. எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை, மற்றப் பாதியில் இருக்கிறது. கூடு இன்னும் எங்களிடம்தான், ஒழுகாத மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறோம்.