கடைசி இடத்து டீமுக்கு ஒரு பஸ் நிறைய யோசனை

காக்கா போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மாத்தானே இருக்கிறீங்கோ? ஃபுட்பால் மேட்ச் பாக்க வாங்கோ. டிக்கெட் ஃப்ரீ, டீ-ஷர்ட் ஃப்ரீ, பிரியாணி ஃப்ரீ."

மூன்று ஃப்ரீ சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? பட்டேன். பட்டுக்கொண்டே கிளம்பிப் போனேன்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஷார்ஜா ரோலாவில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கீழே வாட்ச், பெல்ட், பர்ஸ் விற்கிறார். அவர் ஊர்க்காரர்களுக்கு ஃபுட்பால் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்கு ஃபுட்பாலில் தெரிந்தது, பந்து ஒன்று, கோல் போஸ்ட் இரண்டு என்பது மட்டும்தான். இந்த வயதில் இதற்கு மேல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேடியத்துக்குள் போனதும் விஷயம் புரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் ஆங்காங்கே நாலைந்து தலைகள். எங்கள் பகுதியில் மட்டும் ஐம்பது பேர், எல்லோரும் நீல டீ-ஷர்ட்டில். அத்தனை பேரும் சஜா லேபர் கேம்ப்பிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த நம்ம ஆட்கள். புதுக்கோட்டை, பெரம்பலூர், சிவகங்கை... ஜில்லாவுக்கு நாலு பேர்.

டீம் லீக்கில் கடைசி இடம். (பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள்.) தோற்றுக்கொண்டே இருந்ததால் சொந்த ரசிகர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காலி சீட் டிவியில் அசிங்கமாகத் தெரியுமே... அதனால் கிளப்காரர்கள் கேம்ப்புக்கு பஸ் அனுப்பி ஆள் கூட்டி வருகிறார்கள். கூட்டி வருகிற பொறுப்பு காக்காவுடையது. அவர் முன்னால் நின்று ஒரு வெள்ளைத் துண்டைத் தூக்குவார். எல்லோரும் கை தட்ட வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும்.

"இதுக்கு உங்களுக்கு என்ன கிடைக்குது காக்கா?"

"மேட்ச் பாக்கக் கிடைக்குதே தம்பி. வேற என்ன வேணும்?"

என் பக்கத்து சீட்டில் கருப்பையா. புதுக்கோட்டைப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. சட்டைப் பையில் போனைச் செருகி, கேமரா மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும்படி வைத்திருந்தார். ஏதோ ரகசியமாகப் படம் எடுக்கிறாரோ என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. கேட்டுவிட்டேன்.

"என் மவ யாழினிண்ணே. ஏழாவது படிக்குது. ஊர்ல இருந்து வீடியோ கால்ல மேட்ச் பாக்குது."

பையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, திரும்பாதப்பா. ஏழாம் நம்பர மறைக்குது."

எட்டு வருஷமாக கருப்பையா இங்கே இருக்கிறார். தினமும் வீட்டுக்குப் போன் செய்வார். "சாப்டியா?" "சாப்ட்டேன்." "படிச்சியா?" "படிச்சேன்." "அம்மாட்ட குடு." மகளோடு அவ்வளவுதான் பேச்சு. வேறு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கல்ஃபில் இருக்கிற அப்பாக்கள் பலருக்கு இந்தக் கஷ்டம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பஸ் வர ஆரம்பித்த பிறகு ஒரு நாள் தற்செயலாகக் கிரவுண்டைக் காட்டினாராம். அன்றிலிருந்து அந்தப் பெண் இந்த டீம்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். யார் எந்த நம்பர், யாருக்கு எந்தக் காலில் அடி, எல்லாம் மனப்பாடம். இப்போது வாரம் முழுக்க அப்பாவும் மகளும் பேசுகிறார்கள்.

"இப்பத்தாண்ணே அது எங்கிட்ட சண்டையே போடுது" என்றார் கருப்பையா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றும் டீம் தோற்றது. நாங்கள் துண்டைப் பார்த்துப் பார்த்துக் கை தட்டியதுதான் மிச்சம்.

மேட்ச் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் கந்தூரா என்கிற நீள அங்கி அணிந்த ஓர் அரபு இளைஞர் எங்களிடம் வந்தார். பெயர் ஃபைசல். ரசிகர்கள் விவகாரம் முழுக்க கிளப்பில் அவர் பொறுப்பு. பாதி ஆங்கிலம், பாதி ஹிந்தியில் கேட்டார். "சொல்லுங்கள் பாய். டீமை எப்படித் தூக்கி நிறுத்துவது? உங்கள் யோசனை என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தட்டக் கூட்டி வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள் ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து ஸ்கோரைப் பார்த்துவிட்டு போனில் திட்டுகிறார்கள். இந்த சீசனில் எங்கள் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவர்கள் உங்கள் ஆட்கள் மட்டும்தான்."

நியாயம்தானே? என்னையே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. கேட்க ஆளில்லாமல் இத்தனை யோசனைகளும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன. பெரம்பலூர்க்காரர் ஒருவர், டீம் பஸ் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார். கண்ணேறாம். கடைசி இடத்தில் இருக்கிற டீம்மேல் யார் கண் போடுவார்கள்? கேட்டால், அது போன சீசனில் பட்ட கண் என்கிறார். ஒரு வெல்டர், ஆட்டத்துக்கு முன்னால் சோறு போடாதே என்றார். வயிறு காய்ந்தால்தான் ஓடுவானாம். காக்காவுக்கு ஒரே யோசனைதான். "எங்க ஊர்ல இருந்து ரெண்டு பயல்களை இறக்குங்கோ. மத்ததை அவனுங்க பாத்துக்குவாங்கோ."

கோச்சை மாற்றச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஏன் என்று விசாரித்தேன். "இருக்கிறவரு கிட்ட மொதல்ல ஒழுங்கா வேலை வாங்கட்டும்ணே. புது ஃபோர்மேன் வந்தா, போட்ட செவுத்த இடிக்கிறதுலயே ஆறு மாசம் போயிரும்" என்று பதில் வந்தது.

கருப்பையா வாயைத் திறக்கப் போனார். அப்போதுதான் செல்வம் அவர் கையைப் பிடித்து இழுத்தார். செல்வம் கருப்பையாவின் ரூம்மேட். எதையும் ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்க்கிற ஆள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. இத ஹிந்தியில சொல்லிராதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் கருப்பையா பக்கம் திரும்பினார். "டீம் ஜெயிச்சா என்னாகும்? அவங்க ஆளுங்க வருவாங்க. சீட்டு ரொம்பிரும். நமக்கு எதுக்கு பஸ் அனுப்புறான்?"

"அப்ப தோக்கட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தோத்தா கீழ் டிவிஷனுக்குத் தள்ளிருவான். அந்த மேட்செல்லாம் டிவியில காட்ட மாட்டான். அப்பவும் பஸ் கிடையாது."

"என்னதான்யா பண்ணச் சொல்ற?"

"கடைசி ரெண்டு டீம்தான் கீழ போவும். நம்ம டீம் கடைசில இருந்து மூணாவதா நிக்கணும். அங்கயே நிக்கணும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதுக்கு ஏதாச்சும் யோசனை இருந்தா சொல்லுங்க."

வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் கேம்ப்பில் துணி துவைத்து, முடி வெட்டி, படுத்துத் தூங்கினால் தீர்ந்தது. வெளியே கூட்டிப்போக இந்த பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. செல்வத்தின் கணக்கில் என்ன தப்பு?

"என்ன சொல்கிறார்கள்?" ஃபைசல் என்னைக் கேட்டார்.

"டிஸ்கஷன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கருப்பையா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீடியோ கால் கட்டாகியிருந்தது. "செல்வம் சொல்றது சரிதாண்ணே. பஸ் இல்லேன்னா எனக்குத்தான் ரொம்பக் கஷ்டம். ஆனா தோத்த அன்னைக்கெல்லாம் புள்ள சாப்பிடாம படுத்துக்குதாம். அவ அம்மா சொல்லி அழுவுது. பஸ் போனா போவுது. நீங்க சொல்லுங்க."

சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"பதினோரு பேரும் தனித்தனி வில்லாவுல இருக்கான், தனித்தனி கார்ல வர்றான். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறதே கிரவுண்டுலதான். எல்லாரையும் ஒரே ரூம்ல போடுங்க சார். பங்க் பெட். ஒரு பாத்ரூம். ஆளுக்கு ஒருநாள் சமையல். ஒரு மாசத்துல எவனுக்கு எப்பக் கோவம் வரும், எவன் எப்ப எந்திரிப்பான், எல்லாம் தெரிஞ்சுரும். உப்பு கேட்டா எடுத்துக் குடுத்துப் பழகுனவன், பந்து கேட்டா குடுக்க மாட்டானா?"

"இது ஃபுட்பால் டீமா, மெஸ்ஸா?" என்றார் காக்கா, கடுப்போடு. ஃபைசல் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் போனில் குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து லீக்கில் இடைவேளை வந்தது. டீம் முழுவதையும் மலைப்பக்கம் ஒரு வீட்டில் கொண்டுபோய் ஒன்றாகத் தங்க வைத்தார்களாம். சமையல்கூட அவர்களே செய்தார்களாம். திரும்பி வந்த டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

கருப்பையாவின் யோசனையால்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். புதிதாக வந்த டிஃபென்டர்தான் காரணம் என்று காக்கா சத்தியம் செய்கிறார். எலுமிச்சம்பழக்காரர் புன்னகைக்கிறார். ஏதோ செய்துவிட்டிருக்கிறார் மனிதர். எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

செல்வம் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நடந்தது. குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. சீட் நிறைந்தது. பஸ் நின்றது. காக்கா எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டார். "கலாஸ் தம்பிமாரே. இனிமே பஸ் இல்லை."

கருப்பையா வீட்டில் மறுபடியும் "சாப்டியா, படிச்சியா".

மேட்ச் ஊரில் எந்த டிவியிலும் வராது. மறுநாள் ஸ்கோரை மட்டும் அப்பா சொல்வார். "ஜெயிச்சுட்டோம்." "ம்." அதற்கு மேல் பேச்சு போகவில்லை. "ஜெயிச்சும் அதுக்கு சந்தோசம் இல்லண்ணே. பாக்கலையே" என்றார் என்னிடம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

போன மாதம் காக்காவுக்கு வேறொரு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது கடைசி இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். பஸ் ரெடி, பிரியாணி ரெடி, டீ-ஷர்ட் மட்டும் மஞ்சள். ஐம்பது பேரும் ஓடி வந்து ஏறினார்கள். நானும் போனேன். அன்றைக்கு எதிர் டீம் யார் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

நம்ம பழைய நீலம்.

காக்கா முகம் வெளுத்துவிட்டது. "தம்பிமாரே, இன்னைக்கு நாம மஞ்சள் பக்கம். துண்டைப் பாத்துத் தட்டுங்கோ. வேற எதையும் பாக்காதீங்கோ" என்று கெஞ்சினார். கிளப் சூப்பர்வைசர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரன் பந்தைத் தொட்டால் தட்டினார்கள். நீலத்துக்குப் பந்து போனால் முழங்காலைப் பார்த்தார்கள். கருப்பையா போனைப் பையில் வைத்து, மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "இன்னைக்கு சத்தம் போடக் கூடாது. அப்பா இந்தப் பக்கம் உக்காந்துருக்கேன்."

கடைசி சில நிமிஷங்கள். கோல் எதுவும் இல்லை. நீலத்தின் ஏழாம் நம்பர் பந்தோடு ஓடி வருகிறான். அவன் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, பந்தை இடது பக்கம் தள்ளிவிட்டான். அங்கே இன்னொருவன் வந்துகொண்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கிறது. கோல்.

எங்கள் பகுதியில் எல்லோரும் முழங்காலைப் பார்த்தோம். துண்டு காக்காவின் மடியில் கிடந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தல். "அப்பா... கோல்ப்பா, கோல்..."

கருப்பையா எழுந்துவிட்டார். இரண்டு கையும் தலைக்கு மேலே. அவரைப் பார்த்து வெல்டர் எழுந்தார். செல்வம் எழுந்தார். அவ்வளவுதான், ஐம்பது மஞ்சள் சட்டைகளும் நீலத்துக்காகக் குதித்துக் கத்துகின்றன. காக்காவைத் தேடினால், அவர் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். ஃபுட்பால் தெரியாத நானும் கத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சூப்பர்வைசர் யாருக்கோ போன் செய்தார். அந்த பஸ்ஸும் அதோடு நின்றது.

ரசிகன் என்பவன் எப்போது உருவாகிறான்? கிளப்காரர்கள் இதற்காக எத்தனையோ கூட்டம் போட்டு யோசிக்கிறார்கள். இவர்களை ஒரு டீ-ஷர்ட் கொடுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து பார்த்தார்கள், தோற்பதை வாராவாரம் கூடவே இருந்து பார்த்தார்கள். அதிலேயே ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீலத்தின் மேட்ச். காக்காவும் நானும் டிக்கெட் வாங்கிப் போயிருந்தோம். இரண்டு வரிசை முன்னால் கருப்பையா. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, சஜாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உடம்பில் சொந்தச் சட்டை. பையில் போன்.

அன்று நம் டீம் படுமோசமாக ஆடித் தோற்றது. கருப்பையா ஒரு தடவைகூடக் கை தட்டவில்லை. விசில் ஊதும்வரை அப்பாவும் மகளும் சேர்ந்து ஏழாம் நம்பரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.