அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகை

என் கணவருக்கு ஒரே ஒரு மனிதர் மேல்தான் பித்து. அந்த மனிதர் இறந்து அறுபது வருடமாவது இருக்கும். சுங்கை பட்டாணியில் முதன்முதலாகக் கிராமபோன் பெட்டி விற்றவர்களில் ஒருவர், தமிழ் முஸ்லிம். அவருடைய கடை முத்திரை விழுந்த இசைத்தட்டு உறை, ஊசி டப்பா, நாள்காட்டி, எது எங்கே கிடைத்தாலும் கடைசியில் கூலிமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மூன்று அறை வீட்டில் ஓர் அறை அந்தக் கடைக்காரருக்கு. ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் எனக்கு, மழை நாளில் துணி காயப்போடக்கூட இடம் கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாமான் தேடிப் போகும் வீடுகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "பொம்பள கூட வந்தாதான் கதவத் தொறப்பாங்க லா" என்பார். என் ஓய்வு நாட்கள் இப்படித்தான் தொலைந்தன.

போன வருடம் கடைக்காரரின் மகள் ஜித்ராவில் இருப்பது தெரிந்தது. எண்பதை நெருங்கியவர். மகனோடு இருந்தார். நாங்கள் போனபோது மகன் வேலைக்குப் போயிருந்தான். தேத்தண்ணி கொடுத்து உட்காரச் சொன்னார். என் கணவர் கொஞ்சமும் கூசாமல், "ஒங்க அத்தாவப் பத்தி ஒரு புத்தகம் எழுதுறேன்மா" என்றார். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மளிகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் எழுதி நான் பார்த்ததில்லை.

கை கழுவ உள்ளே போன என் கணவர் சமையலறையிலிருந்தே கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால், எண்ணெய் தெறிக்காமல் இருக்கச் சுவரில் ஓர் எனாமல் பலகை அடித்திருந்தது. புகையும் பிசுக்கும் ஏறிக் கறுத்துப்போன பலகை. உற்றுப் பார்த்தால் கடைக்காரரின் பெயர் தெரிந்தது, தமிழில் ஒரு வரி, மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் ஒரு வரி.

"இத போயி இப்படி வச்சிருக்கீங்களேம்மா!" என்றார் என் கணவர்.

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா. "கடையில நாள் பூரா பாட்டு ஓடும். ஊரே வாசல்ல நின்னு கேக்கும். வீட்டுல நான் வாய்க்குள்ள முணுமுணுத்தாக்கூட இடுப்பு வாரக் கழட்டுவாரு. கடைய மூடுனப்ப எங்க அண்ணன்மாரு பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. நான் இந்தப் பலகைய மட்டும் கேட்டு வாங்கினேன். அன்னையிலேருந்து நான் மீன் பொரிக்கிறதெல்லாம் அவரு பேரு மேலதான்."

அதோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். என் கணவரோ, "பழைய கோவத்துக்காக ஒரு சரித்திரத்தையே அழிக்கலாமா? நான் தொடச்சி மரியாதையா வச்சிக்குவேன். புத்தகத்துல ஒங்க பேரும் வரும்" என்று பாடம் நடத்த ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "புத்தகமெல்லாம் ஒன்னும் இல்லம்மா" என்றேன். "சாமான் வாங்குறதுக்கு எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுவாரு."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வேலை விட்டு வந்தால், கூடத்துச் சுவரில் அந்தப் பலகை. நீல நிறத்தில் பளபளத்தது. அந்த அம்மா கிளினிக் போன நேரமாகப் பார்த்து என் கணவர் அவருடைய மகனைப் பிடித்திருக்கிறார். பலகையைக் கழற்றிக்கொண்டு, அதே இடத்தில் புது எவர்சில்வர் தகடு அடித்துக் கொடுத்துவிட்டாராம். "மவன் சந்தோசமாத்தான் குடுத்தான்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மா என்னை போனில் கூப்பிட்டார். முதல் தடவை போனபோது, நம்பிக்கை வரட்டும் என்று என் கணவர் அவரிடம் கொடுத்திருந்தது என் நம்பரைத்தான். "நீயும் பொம்பளதானே" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுத்த ஓய்வு நாளில், என் கணவர் வேலைக்குப் போன பிறகு, ஸ்குரூவைக் கழற்றிப் பலகையை எடுத்தேன். பழைய போர்வையில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு தனியாக ஜித்ராவுக்குப் போனேன். அந்த அம்மாவுக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய். ஸ்குரூவைத் திருகும்போது, மாலையில் வெற்றுச் சுவரைப் பார்த்து அவர் முகம் எப்படிப் போகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டார். போர்வையை விலக்கிப் பார்த்ததும் முகம் இறுகியது.

"தொடச்சிட்டானா? யாரு தொடைக்கச் சொன்னா? இனி நான் எத்தன வருசம் பொரிக்கணும்!"

நன்றியும் இல்லை, உள்ளே வா என்ற வார்த்தையும் இல்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் என் கணவர் சுவரைப் பார்த்தார். "எங்கடி?"

"ஜித்ராவுல."

"அந்தக் கெழவிக்கும் ஒனக்கும் என்னடி ஒறவு?"

"ஒரு ஒறவும் இல்ல. ஒங்க மேல உள்ள கோவந்தான்."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மறுநாள் கடையில் பூட்டு ஒன்று வாங்கி வந்து சாமான்கள் இருக்கும் அந்த அறைக்குப் போட்டார். இப்போது அவர் படுப்பதும் அங்கேதான். சாவியை அவரே வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.